அப்போதே போட்ட மெட்டு

வீரணனின் மெல்லிசைக் குழு தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சினிமாப் பாட்டைத் தொடமாட்டான். எல்லாம் அவனே போட்ட மெட்டு. ஆனால் போடியில் பாடினாலும் சிலமலையில் பாடினாலும், "பழைய பாட்டக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!" என்று கண்ணைத் துடைத்தார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1984 பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம், மலைமேல் ஏலத்தோட்டத்தில் கச்சேரி. முதல் பாட்டு முடிந்ததும், ஏலக்காய் எடுக்கும் கிழவி மருதாயி, "இத எங் கல்யாணத்துலயே கேட்டேன்ப்பா" என்றாள்.

வீரணன் மைக்கைப் பிடுங்கினான். "பழசாம்ல பழசு! இந்தா, இப்ப இங்கன உக்காந்தே ஒரு மெட்டுப் போடுறேன். எவன் கேட்டிருக்கான்னு பாப்பம்!"

ஆர்மோனியத்தில் கைபோன போக்கில் வாசித்தான். இரண்டாவது அடியில் பெண்கள் கூடவே முனகினார்கள். மூன்றாவது அடியில் அவனை முந்திப் போனார்கள். வெடுக்கென்று பெட்டியை மூடினான். பாட்டு நிற்கவில்லை.

"ஏன் அப்பு நிப்பாட்டிட்டே?" என்றாள் மருதாயி. "போன தடவ இந்த எடத்துல அழுதுக்கிட்டேல்ல வாசிச்சே."

"இந்த மலைக்கே இன்னைக்குத்தான் ஏறி வர்றேன்!" என்று கத்திக்கொண்டே வீரணன் முகத்தை வழித்தான். அந்தக் குளிரில் வேர்த்திருக்க வழியில்லை. உள்ளங்கை முழுக்க ஈரம்.