அக்கா வீட்டுச் சொந்தம்

“பாரத்தை என்மேல போடுங்க சார். எங்க வீட்டுக்காரர் பக்கம் மட்டுமே ஒரு பட்டாளம் தேறும். எல்லாரையும் வேன்ல அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துடறேன்.”

பாத்திரப் பிரிவு அக்கா இப்படிச் சொன்ன பிறகுதான் மேனேஜருக்கு மூச்சே வந்தது.

நான்கு மாடிக் கடை. ஊசி முதல் கட்டில் வரை கிடைக்கும். கிடைத்து என்ன பயன்? ஊரே படுத்த இடத்திலிருந்து போனில் வாங்குகிறது. தப்பித் தவறி வருகிறவர்களும் செருப்பைப் போட்டுப் பார்த்து, அளவைத் தெரிந்துகொண்டு, படியிறங்கும்போதே ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். விற்பனையாளர்கள் ஈ ஓட்டி ஓட்டி, ஈக்கே அலுத்துப் போய்விட்டது.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் பார்வையிட வருகிறார். கடை காற்று வாங்கினால் இன்றோடு இழுத்து மூடிவிடுவார்கள். ஆன்லைன் கம்பெனி ஒன்று இந்தக் கட்டடத்தைக் கிடங்குக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருக்கிறது. அத்தனை பேர் பிழைப்பும் மேடத்தின் ஒரு வார்த்தையில் இருந்தது.

“இருந்தாலும் இது பொய்தானே அக்கா?”

“ஆபத்துக்குப் பாவமில்லை சார். வாங்கற மாதிரி வாங்கட்டும். நாளைக்கு எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடுவாங்க. ஆனா, ‘நீங்க அக்கா சொந்தமா’ன்னு மட்டும் யார்கிட்டயும் கேட்டு வைக்காதீங்க. மேடம் காதுல விழுந்தா மானம் போயிடும்.”

அக்கா வேனில் ஏறிப் போனாள். அவள் தலை மறைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. மேனேஜர் தன் போனை சைலன்ட்டில் போட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். எதிரே நிற்பவர் போனில் பேசினால் மேடத்துக்கு ஆகாதாம்.

சற்று நேரத்தில் வாசல் கதவு திறந்தது. தலையைத் துடைத்துக்கொண்டே குடும்பம் குடும்பமாக ஆட்கள் உள்ளே வந்தார்கள். மேனேஜர் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். இந்த மழையிலும் வந்திருக்கிறார்களே. சொந்தம் என்றால் இதல்லவா சொந்தம்.

“சார், இப்பத்தான் தரையைத் துடைச்சேன். ஈரக்காலோட வர்றாங்க,” என்று வாட்ச்மேன் முணுமுணுத்தார்.

“நீங்க வாயைத் திறக்காதீங்க அண்ணே. ஆளுக்கொரு துண்டு எடுத்துக் கொடுங்க. வயசானவங்களுக்கு நாற்காலி போடுங்க.”

மெத்தைப் பிரிவில் ஒரு பெரியவர் தயங்கி நின்றார். மேனேஜர் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“ஏன் பெரியப்பா நிக்கறீங்க? ஏறிப் படுங்க.”

“வாங்கலைன்னா திட்ட மாட்டீங்களே தம்பி?”

என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று மேனேஜர் வியந்துபோனார். “நம்ம கடை பெரியப்பா. கண்ணசந்தாலும் பரவாயில்லை.”

பெரியவர் படுத்தார். உடனே குறட்டை வந்தது.

செருப்புப் பிரிவில் ஒரு அம்மாள் இரண்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு விழித்தாள்.

“ரெண்டையும் எடுத்துக்குங்கம்மா,” என்றார் மேனேஜர். “நாளைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கிடையாது.”

“நிஜமாவா? ஆன்லைன்லகூடப் பத்துக் கேள்வி கேக்கறாங்களே.”

“என்னை நம்புங்க.” சொல்லிவிட்டு மேனேஜர் ஒரு கண்ணையும் சிமிட்டி வைத்தார். அந்த அம்மாள் முறைத்தாள். முறைத்தாலும் மூன்று ஜோடி எடுத்துக்கொண்டாள்.

செய்தி மாடி மாடியாக ஏறியது. பில் போடும் இடத்தில் வரிசை நின்றது. “யார் பின்னாடியும் போகாதீங்க. அவங்க பாட்டுக்கு எடுத்துப் பாக்கட்டும்,” என்று மேனேஜர் விற்பனையாளர்களிடம் சொல்லி வைத்தார். சொந்தக்காரர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

மேடம் வந்தார். குடையை மடக்கும்போதே முகத்தில் கடுகு வெடித்தது. ஒவ்வொரு மாடியாக ஏறினார். மெத்தைப் பிரிவில் குறட்டை கேட்டு நின்றார்.

மேடம் பெரியவரைத் தட்டி எழுப்பினார். “போன்லயே வாங்கலாமே, ஏன் இங்க வந்தீங்க?”

“போன்ல படுத்துப் பாக்க முடியுமாம்மா? அதுல வாங்கின மெத்தை என் முதுகை முறிச்சிடுச்சு. இங்க யாரும் என்னை எழுப்பக்கூட இல்லை. நீங்கதான் எழுப்பிட்டீங்க.”

அக்கா வசனம்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று மேனேஜர் மனசுக்குள் கும்பிட்டார்.

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். “மத்த கிளைகள்ல ஆள் பின்னாடியே நடந்து துரத்தியே விட்டுடறாங்க. நீங்க செய்யறதுதான் வியாபாரம். இந்தக் கடையை மூடற பேச்சே இனிமே கிடையாது.”

மேடத்தின் கார் நகர்ந்ததும் ஊழியர்கள் மேனேஜரைச் சூழ்ந்துகொண்டு கை குலுக்கினார்கள். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு உறுத்தியது. நாளைக்கு அத்தனையும் திரும்பி வந்துவிடும். அடுத்த மாதக் கணக்கைப் பார்த்தால் மேடத்துக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும். வாடகைக் கூட்டத்தை வைத்து எத்தனை நாள் கடை நடத்துவது?

அப்போது பின்வாசல் வழியாக அக்கா சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்தாள்.

“மன்னிச்சிடுங்க சார். பாலத்துக்கு அடியில தண்ணி தேங்கி, வேன் அங்கேயே நின்னுபோச்சு. உங்களுக்குப் போன் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சுது. எங்க ஆளுங்க இப்பத்தான் வெளிய வந்து இறங்கறாங்க.”

அக்கா கடை நிறைய நின்ற கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆமா, இவங்கல்லாம் யாரு சார்?”