குருமடத்துக்கு ஒரு கோழி

இப்போதெல்லாம் நாலு பேர் பார்த்தால்தான் கொடுக்கவே கை நீள்கிறது. பூசை முடிந்து, கோயில் வாசல் வெயிலில் குருமடத்துப் பிள்ளைகளின் படிப்புக்காக ஏலம் நடக்கிறது. பணம் சேராவிட்டால் மிக்கேலம்மாளின் மகன் சாமியார் படிப்பை விட்டு ஊர் திரும்ப வேண்டும். அவள் கொடுத்த ஒரே முட்டைக்கோழியை ஏலத்தில் எடுத்தவர்கள் எல்லாம் பணத்தைக் கட்டிவிட்டு, “இன்னொருக்கா கூறுங்க” என்று வழக்கப்படி திருப்பித் தருகிறார்கள். கோழி வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது. “இனி கொழம்பாத்தான் ஏலம் வுடணும்,” என்கிறார் ஏலம் கூறும் வியாகுலம். கூட்டம் சிரிக்கிறது, மிக்கேலம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். நாலாவது முறை நான் எடுத்து அவள் கையிலேயே கொடுக்கிறேன். “எதுக்குங்க மாமா?” “உம் பையன் பாதியில ஓடியாந்தா ஆக்கிப் போடு.” “வந்தா அங்கியோடதான் வருவானுங்க,” என்கிறாள் வெடுக்கென்று. எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாலக்கோடு பஸ்ஸுக்கு நடக்கிறேன்.