எலிகளுக்குக் கிடைக்காத பாகற்காய்

“எலிங்களுக்கு ரத்தத்துல சீனி ஏறினது உண்மைதான்,” என்றார் கம்பெனி அதிகாரி லியோனார்ட். “ஈரல்ல கொழுப்பும் கட்டியிருச்சி. அதுக்கு நீங்க என்ன எலியா லா?”

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலில் கூடியிருந்த மருந்தடிக்கும் கூட்டம் சிரித்தது. தோட்டத்து ஆட்கள் எலியில்லை என்று மேலிடத்தில் ஒருவர் ஒத்துக்கொண்டது இதுவே முதல் தடவை.

தேயிலைக்கு அடிக்கும் புது மருந்தில் துத்தநாகத் தூள் இருக்கிறது. மயிரிழையை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு பொடி. ஆய்வுக்கூடத்து எலிகள் அதைத் தீனியோடு தின்றன. இவர்கள் மூச்சோடு இழுத்தார்கள்.

“ரெண்டு வருசமா உங்க ரத்தத்த எடுத்துப் பாக்குறோம். ஒருத்தருக்காவது ஏறியிருக்கா?”

எப்படி ஏறும்? சீனி கூடினவனைப் புல்வெட்டுக்கு மாற்றிவிடுவார்கள். மருந்தடித்தால் மத்தியானத்தோடு வேலை முடியும். புல் வெட்டினால் பொழுது சாயும். அதனால் ரத்தம் எடுக்கும் நாளுக்கு முதல் நாளே லயத்து வீடுகள் முழுக்கப் பட்டினி. விடிந்ததும் ஆளுக்கொரு கிளாஸ் பாகற்காய்ச் சாறு. அந்த வாரம் ரிங்லெட் கடைகளில் பாகற்காய் மிஞ்சாது.

எலிகளுக்கு அது கிடைக்கவில்லை. தலையெழுத்து.

கூட்டத்தின் பின்னால் நின்ற சுபத்ரா சிரிக்கவில்லை. அவள் புருஷன் மகேனைப் போலப் பட்டினி கிடந்தவர் யாருமில்லை. ‘பச்சப்புள்ள ரத்தம்’ என்று லியோனார்டே அவன் தோளைத் தட்டியிருக்கிறார்.

போன தையில் அவன் தேயிலைச் செடிகளுக்கிடையில் விழுந்தான். சீனி எல்லை மீறிவிட்டது என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கேயே உயிர் போனது.

எலியாக இருந்திருந்தால் ஈரலையாவது நிறுத்துப் பார்த்திருப்பார்கள். கம்பெனிக் கணக்கில் மகேன் இன்றும் நோயில்லாதவன்தான்.

இப்போது அவன் முதுகில் சுமந்த மருந்து பம்பைச் சுமக்க மகன் தனேஸ் நிற்கிறான். வேண்டாம் என்று அவள் அழுது பார்த்துவிட்டாள். அவன் கேட்கவில்லை. அப்பா இடமாம், விடமாட்டானாம்.

புது ஆளுக்கு முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். தனேஸ் விரலை நீட்டினான்.

மெஷினைப் பார்த்த லியோனார்ட் முகம் சுளித்தார். இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார்.

“இவனப் புல்லுவெட்டுக்குப் போடுங்க,” என்றார் வேலை பிரிக்கும் தண்டலிடம்.

“நல்லாத்தானேம்மா குடிச்சேன்!” தனேஸ் திரும்பி அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

லியோனார்டும் அவளைப் பார்த்தார். “அக்கா, வீட்டுல சீனியக் கொஞ்சம் கொறைங்க லா.”

“கொறச்சிக்கிறேன் சார்,” என்றாள் சுபத்ரா, தலையைக் குனிந்து, மிகவும் பணிவாக.

கசப்பு தெரியாது ராசா என்று சொல்லி, விடிகாலையில் மகனுடைய சாற்றில் அரை டின் கெட்டிப்பாலை ஊற்றிக் கலக்கியிருந்தாள்.

இனிப் பொழுது சாயும்வரை புல் வெட்டுவான். வெட்டட்டும்.