தடுக்கப்பட்ட பெயர்கள்

வலைப்பூவில் குப்பைப் பின்னூட்டங்களைப் பிடித்துவைக்கும் பிளகினை ஒன்பது வருஷம் கழித்து அன்றுதான் அப்டேட் செய்தார் ஞானசேகர். 'குப்பையில் கிடந்த 1,140 பின்னூட்டங்கள் நிரந்தரமாக அழிக்கப்பட்டன' என்றது திரை. சனியன் ஒழிந்தது என்று அமைப்புகளைத் திறந்தார். தடுக்கப்பட்ட பெயர்களின் பட்டியலில், சூதாட்ட விளம்பரக்காரர்களுக்கு நடுவே, நண்பன் பாக்கியநாதன் இருந்தான். சண்டை போட்ட அன்று ஆத்திரத்தில் அவரே சேர்த்தது, மறந்தே போயிருந்தார். அதற்கப்புறம் அவனிடம் மன்னிப்புக் கேட்டு எத்தனை பதிவுகள் எழுதியிருப்பார்! "ஒரு வரி பதில் போட்டாரா பாருங்க, கல்நெஞ்சக்காரர்" என்று மனைவி எஸ்தர்கூடத் திட்டியிருக்கிறாள். பெயருக்கு நேரே, 'தடுத்துக் குப்பைக்கு அனுப்பிய பின்னூட்டங்கள்: 37' என்றிருந்தது. எஸ்தர் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாம் சுத்தமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு" என்றார்.