ஞாயிற்றுக்கிழமை நத்தைகள்

மாமனாரை அவன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஏரியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தூண்டில். தோளில் பழைய கான்வாஸ் பை. இன்னொரு கையில் எண்பத்தெட்டாம் நம்பர் நத்தை.

"என்ன மாமா, இரையா?"

"இல்லை மாப்பிள்ளை. சும்மா பார்த்துக்கிட்டிருந்தேன்."

"வருஷா வருஷம் தூண்டிலைத் தூக்கிக்கிட்டுக் காலையில கிளம்பிடறீங்க. ஒரு மீன் வீட்டுக்கு வந்ததில்லை. என் நத்தைங்களை வச்சு மீனுக்கு விருந்து நடக்குதா?"

அவர் நத்தையைப் பைக்குள் போட்டுக்கொண்டு கரையேறினார். அன்று மதியம் அவர் பஸ் ஏறியபோது மாப்பிள்ளை காகிதத்திலிருந்து தலை நிமிரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், தூக்கத்திலேயே போய்விட்டார்.

மாப்பிள்ளைக்கு வீட்டில் பெயர் 'ஆராய்ச்சி'. மனைவி பல் டாக்டரிடம் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்ட, இவன் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். கோடையில் மற்ற குடும்பங்கள் ஏரிக்குக் குளிக்கப் போகும். இவர்கள் நத்தைக்கு நம்பர் போடப் போவார்கள்.

நூறு நத்தைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் இரண்டு வரி. மேலே நத்தையின் நம்பர், கீழே அது குடியிருந்த பாறையின் நம்பர். அத்தனையையும் எதிர்க்கரையில் கொண்டுபோய் விட வேண்டியது. பத்து நாளில் எத்தனை அதனதன் பாறைக்குத் திரும்புகின்றன என்று தினமும் மாலையில் எண்ண வேண்டியது. படிப்பு அவ்வளவுதான்.

முதல் கோடையிலேயே மாமனார் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இது என்ன மாப்பிள்ளை, விலாசமா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்க."

"நத்தைகூட வீடு போய்ச் சேர்ந்துடும் போலிருக்கு. நீங்க எப்ப ஒரு வேலைக்குப் போய்ச் சேரப் போறீங்க?"

அந்தக் கோடையில் திரும்பியவை மூன்று.

"மூணு நத்தையை வச்சுக்கிட்டு முனைவராக முடியாதுப்பா" என்றார் பேராசிரியர். "அடுத்த வருஷமும் இப்படின்னா வேற பொழப்பைப் பாரு."

அடுத்த வருஷம் தொண்ணூற்றொன்று திரும்பின. அதற்கடுத்த வருஷம் தொண்ணூற்றாறு. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் ஒரு அதிசயம்: ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு நத்தைகூட வந்து சேரவில்லை. விடுமுறைக் கூட்டத்தின் இரைச்சலில் நத்தைகள் அன்று ஓய்வெடுக்கின்றன என்று பேராசிரியரே அதற்குக் காரணம் கண்டுபிடித்தார். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான். அது ஒரு பத்திரிகையில் வெளிவந்து, எங்கெங்கிருந்தோ பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

இது ஆறாவது கோடை. இந்தக் கணக்கையும் சேர்த்துவிட்டால் பட்டம். பட்டம் வந்தால் கல்லூரியில் வேலை தயார்.

ஏழாம் நாள் மாலை வரை திரும்பியவை இரண்டு.

"ஒருவேளை தண்ணி ஒத்துக்கலையோ?" என்றாள் மனைவி.

"வருஷா வருஷம் ஒத்துக்கிட்ட தண்ணிதானே?"

"அப்ப உங்க மேல ஏதோ கோபம்."

"நத்தைக்கா?"

"வேற யாருக்கு?"

அவன் அறைக்குள் வந்து கட்டிலில் விழுந்தான். பூச்சிக்கடிக்கு மருந்து தேடி, மூலையில் கிடந்த பையைத் திறந்தான். மாமனாரின் கான்வாஸ் பை. மனைவிதான், அப்பா இல்லாமல் ஏரிக்கு வர மனசு கேட்கவில்லை என்று, பையின் கொக்கியைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூக்கி வந்திருந்தாள்.

மருந்து இல்லை. ஒரு சின்ன நோட்டு இருந்தது. பென்சில் எழுத்து, நெருக்கி நெருக்கி.

'திங்கள். 17, பாறை 4. சேர்த்தாச்சு. 52, பாறை 9. சேர்த்தாச்சு. 33, பாறை 11. பாறை தண்ணிக்குள் போய்விட்டதால் பக்கத்துப் பாறையில் ஒப்படைத்தேன்.'

பக்கம் பக்கமாகப் புரட்டினான். செவ்வாய், புதன், சனி. ஐந்து கோடைகளாக... இல்லை, முதல் கோடை இல்லை. இரண்டாவதிலிருந்து.

ஞாயிறுகளில் ஒரே வரி: 'பட்டுவாடா இல்லை.'

மனைவி அவன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

"நான்தான் அப்பாகிட்ட அழுதேன்" என்றாள். "முதல் வருஷம். நத்தை வீடு திரும்பலைன்னா இவர் படிப்பு போயிடும்ப்பான்னு. 'விலாசம் எழுதியிருக்குல்ல, போய்ச் சேரும் போ'ன்னார். அவ்வளவுதான் சொன்னார்."

"எதிர்க்கரையிலிருந்து சுத்தி வரணும். ஒரு நடைக்கு அரை மணி ஆகும்."

"முட்டிவலின்னு ராத்திரியெல்லாம் தைலம் தேய்ச்சுக்குவார். மீன் பிடிக்க நின்னதுல வந்ததுன்னு நான் திட்டுவேன்."

அவன் நோட்டை மூடினான். மறுபடி திறந்தான்.

"பேராசிரியருக்குச் சொல்லியாகணும்."

"சொன்னா?"

"ஆறு வருஷம் போச்சு. வேலையும் போச்சு."

"சொல்லலைன்னா?"

"நாளைக்கு நம்ம பிள்ளை பள்ளிக்கூடத்துல, ஞாயித்துக்கிழமை நத்தைக்கு லீவுன்னு படிக்கும்."

அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் எடுப்பதற்குள் அவன் கடைசிப் பக்கத்துக்குப் போனான். போன கோடையின் கடைசி நாள்.

'88, பாறை 2. பட்டுவாடா ஆகவில்லை. மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.'

பையின் அடியில், சிவப்பில் நம்பர் எழுதிய ஓடு ஒன்று கிடந்தது.