அம்மன் முன்னால் குடை

"குடையை மடக்குலே. அம்மனே வெயில்லதான் நிக்கா."

சாமியாடி சங்கிலிப்பாண்டி இப்படிச் சொன்னதும், பொங்கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

செண்பகராஜ் மடக்கவில்லை. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதற்கும் மேலே குடை. கரிசலில் உழுது பிழைக்கிற சம்சாரி நிற்கிற கோலமா இது என்று ஊரே முகம் சுளித்தது.

வெயிலுகந்தம்மனுக்கு அந்த ஊரில் கூரை கிடையாது. வெயில்தான் அவளுக்குப் பிரியம். சித்திரைக் கொடைத் திருவிழாவன்று உச்சிப் பூசைக்கு வீட்டுக்கொரு ஆண், வெறுந்தலையும் வெற்றுடம்புமாக அவள் முன்னால் நிற்க வேண்டும். சாமி இறங்கித் திருநீறு கொடுக்கும்வரை யாரும் நிழலுக்கு ஒதுங்கக்கூடாது. நிற்காத வீட்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அப்புறம் நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டார்கள்.

"டாக்டர் வெயில்ல நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காருண்ணே" என்றான் செண்பகராஜ்.

"கிட்னி வச்சு நாலு வருசமாச்சுல்லா. இன்னுமா சீக்கு?" என்றார் ஊர்ப் பெரியவர் குருசாமி.

செண்பகராஜின் அக்கா சொர்ணத்தாய் முன்னால் வந்தாள். வேலூரில் வைத்துத் தம்பிக்குத் தன் கிட்னியைக் கொடுத்தவள் அவள்தான்.

"அந்தக் கிட்னி ஒட்டி இருக்கணும்னா தெனமும் மாத்திரை போடணும் சித்தப்பா. அந்த மாத்திரை ஒடம்போட எதிர்ப்பை அடக்கி வச்சிருமாம். வெயில் பட்டா தோல்ல புத்துநோய் சீக்கிரமா வருமாம். போன வருசம் காதோரத்துல ஒண்ணு வந்து வெட்டி எடுத்தாவ. இன்னொண்ணு வந்தா இவன் தாங்குவானா?"

"ஒரு நாள் வெயில் என்ன செஞ்சிரும்? நாங்கள்லாம் நிக்கலையா?"

"உங்களுக்கு இருக்கது உங்க கிட்னி சித்தப்பா."

யாரோ சிரிக்கப் பார்த்து அடங்கிக்கொண்டார்கள். சங்கிலிப்பாண்டி மட்டும் இறங்கி வரவில்லை.

"பேசிக்கிட்டே நின்னா உச்சி சாஞ்சிரும். சட்டையைக் கழட்டுலே, இல்லன்னா வெளிய போ."

செண்பகராஜின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். தள்ளி வைத்த வீட்டில் பந்தக்கால் நட எவன் வருவான்? அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் குடையை மடக்கினான். சட்டைப் பொத்தானில் கை வைத்தான்.

கொட்டு முழங்கியது. பொங்கல் புகையும் கானலும் ஒன்றாகக் கலந்தன. கரிசல் காடு முழுக்க மினுமினுத்து, நிலமா நீரா என்று தெரியாமல் கிடந்தது. நின்றிருந்த ஆட்கள் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல மெல்ல அசைந்தார்கள். அம்மன் சிலையும் சேர்ந்து அசைகிற மாதிரி இருந்தது. கொட்டுச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் ஆகிவிட்டது.

சங்கிலிப்பாண்டிக்குச் சாமி இறங்கியது. ஆடிக்கொண்டே வந்தவர் செண்பகராஜின் குடையை வெடுக்கென்று பிடுங்கினார். ஒடித்துப் போடப்போகிறார் என்று சொர்ணத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

குடை அவள் தம்பியின் தலைக்கு மேல் விரிந்தது.

"இங்கன விழுற வெயில் அம்புட்டும் எனக்கு. என் பங்கைத் திங்க இவன் யாருடா? இவன் தலையில விழுறதும் எனக்கு வேணும். இனிமே குடையில்லாம என் முன்னால இவன் வந்தான்னா, மழையை நிறுத்திப்புடுவேன்."

வானம் பார்த்த பூமி. மழை என்றதும் குருசாமியே ஓடிவந்து குடையைப் பிடித்துக்கொண்டார். பூசை முடிகிறவரை கை மாற்றக்கூட இல்லை.

சாமி மலையேறிய பிறகு, களைத்து உட்கார்ந்திருந்த சங்கிலிப்பாண்டிக்குச் சொர்ணத்தாய் பானக்கம் கொண்டுபோனாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அம்மன் என் தம்பியக் காப்பாத்திட்டா அண்ணாச்சி."

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"வேற என்னவெல்லாம் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு தாயி? இப்பமே சொல்லிரு. அடுத்த கொடையில அம்மன் சொல்லணும்லா."