கள்ளிக்குப் பட்டினி

லிஃப்ட் மெக்கானிக் தன் செல்போனைச் செடிக்கடை அம்மாவிடம் நீட்டினார்.

திரையில் உள்ளங்கை அளவுக் கள்ளி. உச்சியில் இளஞ்சிவப்பாக ஒரே ஒரு பூ. காலையில்தான் விரிந்திருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன் அதை விற்றதே அந்தம்மாதான். பூக்க வைக்கும் வழியையும் அன்றே சொல்லிக் கொடுத்திருந்தார். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. பட்டினி கிடந்தால்தான் மொட்டு விடும்.

மெக்கானிக் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். வருஷா வருஷம் காலண்டரில் தேதி குறித்துத் தண்ணீரை நிறுத்தினார். ஜன்னலோரக் குளிரில் வைத்தார். மண் மாற்றினார், தொட்டி மாற்றினார்.

கள்ளி கொழுகொழுவென்று வளர்ந்ததே தவிர, பூக்கிற வழியைக் காணோம்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். அவளுக்குச் செடியைக் கண்டாலே ஆகாது. சக்களத்தி என்றே பெயர் வைத்திருந்தாள். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொன்னால், “உங்களாச்சு, அவளாச்சு. என்னை இழுக்காதீங்க” என்பாள். ஜன்னலைத் துடைத்தால்கூட தொட்டியைத் தொடாமல் சுற்றித்தான் துடைப்பாள்.

ஆறு குளிர்காலம் இப்படியே போயிற்று.

இந்த முறை புதிதாக என்ன செய்தீர்கள் என்று செடிக்கடை அம்மா கேட்டார்.

ஒன்றுமில்லை, எப்போதும் போலத் தண்ணீரை நிறுத்தியதோடு சரி என்றார் மெக்கானிக்.

பழைய குளிர்காலப் படங்கள் இருந்தால் காட்டச் சொன்னார் அந்தம்மா. இருந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது பட்டினி கிடந்த செடி இல்லிங்க. கொஞ்சம்கூடச் சுருங்கல பாருங்க. உங்களுக்குத் தெரியாம யாரோ பாவம் பாத்துத் தண்ணி ஊத்தியிருக்காங்க. வீட்ல சொல்லி வைங்க. அடுத்த வருஷமும் பூக்கும்.”

மெக்கானிக் செல்போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்தக் குளிர் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே மனைவி இறந்துவிட்டாள் என்று அவர் சொல்லவில்லை.

பிறகு, பட்டினி போடாமல் தண்ணீர் ஊற்றினால் செடி செத்துப்போகுமா என்று கேட்டார்.

“சாகாது” என்றார் அந்தம்மா. “பூக்காது, அவ்வளவுதான்.”